ஸ்லோ நிக்காத வண்டி

ஓடும்போது வண்டியில் ஒரு குறையும் இல்லை. நிற்கும்போதுதான் எல்லாம்.

2022 அக்டோபரில் என் மாருதி 800க்கு வந்த வியாதியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வடசேரி தாண்டி பூதப்பாண்டி ரோட்டில் விட்டால் முனகாமல் போகும். அதே வண்டி ஒரு சிக்னலிலோ ஸ்பீடு பிரேக்கரிலோ ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் உதற ஆரம்பித்துவிடும். டேஷ்போர்டின் மேல் நான் வைத்திருக்கும் மூக்குக்கண்ணாடிக் கூடு தாளம் போடும். அரை நிமிஷம் அப்படி உதறிவிட்டு 'டப்' என்று நின்றுவிடும். சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காததுபோல உடனே பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஸ்லோ நிக்கல'.

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது வேறொரு சொல். 'காலே'. நான் பத்து வருஷம் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். எஞ்சின் நின்றுபோனாலும் 'காலே' என்போம், பாடம் ஒப்பிக்கும்போது பாதியில் விழிக்கிற பையனையும் 'காலே' என்போம். நான் வகுப்பில் அடிக்கடி காலே ஆனவன். 71 வயதில் சுசீந்திரம் பாலத்தின் மேல், பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, மறுபடியும் ஆனேன்.

நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு பிரெஞ்சு எப்படி என்று புதிதாகக் கேட்பவர்களுக்காக இரண்டு வரி. அப்பா பூதப்பாண்டிக்காரர். புதுச்சேரியில் ஒரு மில்லில் கணக்கு எழுதப் போனார். நான் அங்கே பிறந்தேன். நான் பிறந்த ஊர் 1954 நவம்பர் 1ஆம் தேதி இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. அப்பாவின் ஊர் 1956 நவம்பர் 1ஆம் தேதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இரண்டு ஊரும் ஒரே தேதியில் இடம் மாறின என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சின்னப் பெருமை உண்டு. அப்பா போனபின் 1968இல் அம்மாவோடு இங்கே வந்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யைத் தனியாக எழுதி, சர்க்கார் வேலையில் சேர்ந்து, தேர்வாணையத்தின் தமிழ்த் தேர்வையும் எழுதித் தேறினேன். என் தமிழ் பாதி அம்மாவிடம் கற்றது, மீதி கோப்புகளில் கற்றது. அதனால்தான் சில இடங்களில் குறிப்பாணை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்கு வருகிறேன். 1997 மாடல். 2009இல் ஓய்வு பெற்றபோது பணிக்கொடைப் பணத்தில் கொஞ்சம் எடுத்து, செகண்ட் ஹேண்டாக வாங்கியது. மூன்று சிலிண்டர், 796 சி.சி., கார்புரேட்டர் வண்டி. 2000 வாக்கில் வந்த 800களில் கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் பார்த்துப் பெட்ரோலைத் தெளிக்கிற முறை வந்துவிட்டது. என்னுடையதில் ஒரு கம்ப்யூட்டரும் இல்லை. சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து, சூடானதும் உள்ளே தள்ள வேண்டும். அந்த வருஷம்தான் பதிவைப் புதுப்பித்திருந்தேன். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் அந்த ஏப்ரலில் 5,000 ஆகியிருந்தது. மகன் பெங்களூரிலிருந்து, "அந்த 5,000த்தோட வண்டியையும் சேத்து யாருக்காவது குடுத்திருக்கலாம்பா" என்றான்.

அவனுக்கு வண்டியைப் பற்றிக் கவலை இல்லை, என்னைப் பற்றித்தான். அது எனக்குத் தெரியும். "வண்டி அங்கங்க நிக்குது" என்று அவனுடைய அம்மா போனில் சொன்ன அன்று ராத்திரி, "கிளட்ச்ல கால் சரியா வைக்கிறீங்களாப்பா?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்வி போனை வைத்தபிறகும் போகவில்லை. உண்மையிலேயே என் கால்தானோ? கண் பரிசோதனை, டாக்டர் சான்று எல்லாம் கொடுத்துத்தான் லைசென்ஸ் புதுப்பித்திருக்கிறேன். ஆனாலும் வயசானவன் வண்டி நடுரோட்டில் நின்றால் பார்க்கிறவர்கள் வண்டியைப் பார்ப்பதில்லை, ஓட்டுகிறவனைத்தான் பார்க்கிறார்கள். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. நாகராஜா கோயிலுக்கு ஆட்டோவில் போய்வந்தாள். கேட்டதற்கு, "உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்றாள். 13 வருஷமாகச் சொல்லாத சொல்.

கடைசியில் மனைவியின் அண்ணன் மகனை வரச்சொல்லி, "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருடே" என்றேன். முப்பது வயதுப் பையன், தினமும் கார் ஓட்டுகிறவன். செட்டிகுளம் ஜங்ஷனில் அவனுக்கும் நின்றது. "என்ன மாமா சவம் இப்பிடி நிக்கி" என்று அவன் அலுத்துக்கொண்டான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! வீட்டுக்கு வந்து அவனுக்கு ஏத்தங்காய் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

ஆக, கால் இல்லை, வண்டிதான். அப்படியானால் யார் தப்பு?

எங்கள் தெரு திரும்பியதும் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் இருக்கிறது. ஐ.டி.ஐ. படித்த பையன், கடன் வாங்கி ஷெட் போட்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. செப்டம்பர் கடைசியில் அவனிடம்தான் ஆயில் மாற்றி சர்வீஸ் செய்திருந்தேன். வண்டியைக் கொடுக்கும்போதே அவன், "சார், கார்புரேட்டர் வண்டி எனக்கு அவ்வளவா பழக்கமில்ல. ஆயிலும் ஃபில்டரும் மாத்தித் தாரேன், மத்ததுல கை வைக்கல" என்று சொல்லியிருந்தான். நேர்மையாகச் சொன்ன அந்த வார்த்தையையே அவனுக்கு எதிராக நான் திருப்பினேன். தெரியாதவன் கையில் கொடுத்தோம், அதனால் கெட்டது. கணக்கு எனக்கு எளிதாக முடிந்துவிட்டது.

இருந்தாலும் முதலில் வாயைத் திறக்கவில்லை. சர்க்கார் புத்தி. தன்பதிவேடு மாதிரி ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, நேரம், இடம், ஓடிய தூரம், மழையா வெயிலா, சோக் எந்த நிலை, விளக்கு எரிந்ததா. நின்ற ஒவ்வொரு தடவையும் ஒரு வரி. முதல் வரி 5.10.2022, விஜயதசமி, மாலை, வடசேரி. பத்து நாளில் பத்தொன்பது வரி ஆகிவிட்டது. காலையில் எடுத்த உடனே நின்றதே இல்லை. கொஞ்ச தூரம் ஓடிச் சூடானபிறகுதான் நின்றது. ராத்திரி ஹெட்லைட் போட்டால் அதிகம் நின்றது. மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சூடானபின் நிற்கிறது என்றதும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்தக் காலத்தில் பிரிமியர் பத்மினி, பழைய ஃபியட் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகி, எஞ்சின் நின்றுவிடும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்சநேரம் காத்திருந்தால் ஓடும். நானும் ஐப்பசி மழையில் பம்புக்கு ஈரத்துணி கட்டிக்கொண்டு சுற்றினேன். மனைவி அந்தத் துணியைப் பார்த்துவிட்டு, "காய்ச்சலா?" என்று கேட்டாள்.

டவுனில் வேறு இரண்டு இடத்தில் காட்டினேன். ஒரு இடத்தில் மூன்று ஸ்பார்க் பிளக்கையும் பிளக் வயர்களையும் மாற்றினார்கள். இன்னொரு இடத்தில் பெட்ரோல் பம்பைப் புதிதாகப் போட்டார்கள். கூடவே ஒரு ஸ்குரூவைத் திருகி ஸ்லோவைக் கூட்டிவைத்தார்கள். இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் பழையபடி. கூட்டிவைத்ததில் கியர் போடும்போது வண்டி குதிக்கவும் ஆரம்பித்தது. ஆறாயிரத்துச் சொச்சம் செலவு.

இதற்கு நடுவில் அந்த ராத்திரி வந்தது. பூஜைக்கு வந்த அக்கா எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். வயது 79. பத்தரை மணிக்கு நெஞ்சு அடைக்கிறது என்றாள். ஆட்டோவுக்குப் போன் செய்து காத்திருக்கப் பொறுமை இல்லை. ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றிவிட்டேன். மழை, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் ஓடுகிறது. செட்டிகுளத்தில் நின்றது. பிறகு இரண்டு இடத்தில் நின்றது. ஒவ்வொரு தடவையும் சாவியைத் திருப்பும்போது அக்கா பின்சீட்டிலிருந்து, "பைய போ மக்கா, எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்கு நெஞ்சு வலி, என்னைத் தேற்றுகிறாள். போய்ச்சேர்ந்து ஈ.சி.ஜி. எடுத்து, வாயுதான் என்று சொல்லி, காலையில் அனுப்பிவிட்டார்கள். வாயுவாக இல்லாமல் இருந்திருந்தால்?

அந்தக் காலையில்தான் நான் அதைச் செய்தேன். தூக்கமில்லாத கண்ணோடு டீக்கடைக்குப் போனேன். அந்தப் பையன் அங்கே டீ குடித்துக்கொண்டு நின்றான். நாலு பேர் முன்னால், "தெரியாத வேலைக்கு ஏன்டே துட்டு வாங்குதே? ராத்திரி எங்க அக்கா போயிருப்பா, உன்னாலே" என்று கத்தினேன். அவன், "சார், நான் கார்புரேட்டர்ல கையே வைக்கல..." என்று ஆரம்பித்தான். நான் கேட்க நிற்கவில்லை. அதோடு விட்டேனா? அண்ணா விளையாட்டரங்கத்தில் காலையில் கூட நடக்கிற இரண்டு நண்பர்களிடமும் சொன்னேன். இரண்டு பேரும் அவனிடம் வண்டி விடுகிறவர்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் சீட்டில் இருந்தவன் நான். ஒரு கடைநிலை ஊழியர் மேல் புகார் வந்தால்கூட, குற்றச்சாட்டைக் குறிப்பாணையாகக் கொடுத்து, விளக்கம் வாங்கி, அதைப் பரிசீலித்த பிறகுதான் தண்டனை. 17(பி) குறிப்பாணை எத்தனையோ வரைவு எழுதியிருக்கிறேன். அந்தப் பையனிடம் நான் விளக்கம் கேட்கவே இல்லை.

கோட்டாறில் ஒரு ஆசான் இருக்கிறார் என்று மருமகன்தான் விசாரித்துச் சொன்னான். என்னைவிட நாலு வயது மூத்தவர். அம்பாசடரும் ஃபியட்டும் பார்த்த கை. இப்போது ஒர்க்‌ஷாப்பை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் ஒரு ஸ்டூல் போட்டு, வருகிற ஒன்றிரண்டு பழைய வண்டிகளை மட்டும் பார்க்கிறார். பானட்டைத் திறக்கப் போன என்னை, "அது கெடக்கட்டும் சார், இரிங்க. என்ன செய்யுதுன்னு சொல்லுங்க" என்று உட்கார வைத்தார். நோட்டைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்தொன்பது வரியையும் படித்தார். என் பதிவேட்டை இவ்வளவு பொறுமையாக எந்த அதிகாரியும் படித்ததில்லை.

"சூடானா நிக்குதுன்னு எழுதியிருக்கிய. சூடானதுனால நிக்கல சார். சோக்க உள்ள தள்ளுனதுனால நிக்குது" என்றார். எனக்குப் புரியவில்லை. "காலைல சோக்கு வெளிய இருக்கும்லா? அப்ப நிக்கல. சூடானதும் தள்ளிருவீங்க. அதுக்குப் பொறவுதான் நிக்குது. இப்ப சூடா இருக்கு, சோக்க பாதி இழுங்க பாப்போம்."

இழுத்தேன். உதறிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று அடங்கி, பூனை மாதிரி ஓடியது. தள்ளினேன். உதறியது. மறுபடி இழுத்தேன். அடங்கியது. பத்தொன்பது வரியிலும் 'சோக்: உள்ளே' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். பார்த்துக்கொண்டே இருந்து பார்க்கவில்லை.

சோக்கை இழுத்தால் காற்று குறையும், பெட்ரோல் கூடும். அப்போது சரியாகிறது என்றால் எஞ்சினுக்குக் காற்று அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். ஒரு கிராம் பெட்ரோல் எரிய ஏறக்குறைய பதினைந்து கிராம் காற்று வேண்டும். காற்று ரொம்பக் கூடினால் பற்றாது. ஆசான் இதைச் சொல்லும்போது எனக்கு 'லெஸோன் த ஷோஸ்' வகுப்பு ஞாபகம் வந்தது. பொருள்களை வைத்துப் பாடம் சொல்லித்தரும் வகுப்பு. வாத்தியார் மெழுகுவத்தியைக் கொளுத்திக் கண்ணாடி டம்ளரால் மூடுவார், அணையும். ஜன்னலைத் திறந்து வைப்பார், காற்றில் அணையும். பிரெஞ்சில் மெழுகுவத்திக்கும் 'பூழி', ஸ்பார்க் பிளக்குக்கும் 'பூழி'. அறுபது வருஷம் கழித்து இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது கோட்டாறு வேப்பமரத்தடியில்.

அப்புறம்தான் பானட்டைத் திறந்தார். ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயை உள்ளங்கையால் பாதி மூடினார். மூச்சு முட்டி நிற்க வேண்டிய எஞ்சின், நிற்காமல் வேகம் கூடியது. "பாத்தீங்களா, கைய வச்சாத்தான் அதுக்குச் சொகம்." அடுத்து ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினார். மூன்றிலும் எஞ்சின் ஒரே அளவு தொய்ந்தது. ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாமல் இருந்தால் அந்த வயரைப் பிடுங்கும்போது வித்தியாசமே தெரியாது. மூன்றும் சமமாக உழைக்கின்றன. அப்படியானால் நான் தூக்கிப்போட்ட பழைய பிளக்குகள் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

இனி இரண்டே இரண்டு வாய்ப்பு என்றார். ஸ்லோவுக்குப் பெட்ரோல் கொடுக்கிற ஜெட் அடைத்திருக்க வேண்டும். ஊசிமுனை மாதிரி ஓட்டை, ஒரு தூசி போதும். இல்லையென்றால் கார்புரேட்டர் வழியாக வராமல் வேறு எங்கிருந்தோ கள்ளத்தனமாகக் காற்று புகுந்துகொண்டிருக்க வேண்டும். "ஜெட்ட கழட்டுனா வேல. அதுக்கு முந்தி காத கொடுப்போம்" என்று சொல்லி, முழ நீளத்துக்கு ஒரு ரப்பர் டியூபை எடுத்தார். ஒரு முனையைத் தன் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு முனையை எஞ்சினைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோனார். டாக்டர் அக்காவின் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தாரே, அதே மாதிரி. கார்புரேட்டரின் அடி, மேனிஃபோல்டின் ஓரம், ஒவ்வொரு குழாயின் நுனி. ஒரு இடத்தில் கை நின்றது. டியூபை என் காதில் வைத்தார். எஞ்சின் சத்தம்தான் எனக்குக் கேட்டது. "உஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேக்கலியா?" கேட்கவில்லை.

அவர் இரண்டு விரலை உள்ளே விட்டு, மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஒரு சுண்டுவிரல் பருமனான ரப்பர் குழாயை நுனியில் இறுக்கிப் பிடித்தார். எஞ்சின் அடங்கியது. விட்டார். உதறியது. பிடித்தார். அடங்கியது. மூக்குக்கண்ணாடிக் கூடும் தாளத்தை நிறுத்தியது. ஆறாயிரம் ரூபாய், பத்தொன்பது வரி, ஒரு ராத்திரி, எல்லாம் அந்த இரண்டு விரலுக்கு நடுவில் இருந்தது.

குழாயைக் கழற்றி மடக்கிக் காட்டினார். அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அரை அங்குலக் கீறல். இளநீரில் போட்ட உறிஞ்சுகுழலில் கீறல் விழுந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதான் வரும், அந்தக் கதை. ஸ்லோவில் கார்புரேட்டரின் கதவு அநேகமாக மூடியிருக்கும். எஞ்சின் உள்ளே பலமாக இழுத்துக்கொண்டிருக்கும். நிமிஷத்துக்கு 900 சுற்று என்றால் மூன்று சிலிண்டரிலுமாக வினாடிக்கு இருபதுக்கு மேல் தடவை தீப்பொறி விழுகிறது. ஒவ்வொன்றுக்கும் போகிற பெட்ரோல் துளியூண்டு. அதில் கீறல் வழியாகக் கொஞ்சம் காற்று கூடினாலும் கணக்கு தப்பிவிடும். ராத்திரி ஹெட்லைட்டும் போட்டால், மின்சாரம் எடுக்கிற சுமையும் சேர்ந்து தள்ளாடுகிற எஞ்சினை உட்கார்த்திவிடும். வேகமாக ஓடும்போது கதவு திறந்து காற்று தாராளமாக வருகிறது, இந்தக் கீறல் ஒரு பொருட்டே இல்லை. மார்க்கெட்டில் ஒருத்தன் இருமினால் யாருக்குக் கேட்கும்? வாசகசாலையில் இருமினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"பழைய ரப்பர், தானா கீறும்லா ஆசான்?" என்று கேட்டேன்.

அவர் குழாயின் நுனியைத் திருப்பிக் காட்டினார். கீறலுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பல் பதிந்த தடம். குறடு பிடித்த அடையாளம். "யாரோ பிடுங்கியிருக்கா. காஞ்ச ரப்பர், பிடுங்குன எடத்துல கீறிட்டு."

"அந்தப் பையன்தான். சர்வீஸ் பண்ணும்போது..."

"ஆயில் மாத்த இங்க ஏன் கை வருது சார்? அது கீழ, இது மேல." கொஞ்சநேரம் ஏர் ஃபில்டர் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தது. "நோட்டுல மொத வரி விஜயதசமி. அதுக்கு முந்தின நாளு என்ன செஞ்சீங்க?"

முந்தின நாள், அக்டோபர் 4, செவ்வாய்க்கிழமை, சரஸ்வதி பூஜை. காலையில் நானே வண்டியைக் கழுவினேன். வெளியே மட்டும் போதாது என்று பானட்டைத் திறந்து, உள்ளேயும் பழைய வேட்டியைக் கிழித்துத் துடைத்தேன். ஏர் ஃபில்டருக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்குத் துடைக்க ஒரு குழாய் தடுத்தது. கையால் வரவில்லை. குறட்டை எடுத்துத் திருகி இழுத்தேன். 'பொட்'டென்று வந்தது. துடைத்துவிட்டுத் திரும்பச் செருகினேன். பொட்டு வைத்தேன். மனைவி சூடம் காட்டினாள்.

மறந்துபோனது என்று சொல்லமாட்டேன். அந்த 'பொட்' சத்தம் எனக்கு ஞாபகம் இருந்தது. 3ஆம் தேதி தோவாளைக்குப் போய்ப் பூ வாங்கி வந்தபோது, வண்டி சர்வீஸ் முடிந்து அத்தனை நாள் ஆகியும், ஒரு தடவைகூட நிற்கவில்லை என்பதும் ஞாபகம் இருந்தது. இரண்டையும் நான் எழுதவில்லை. கோப்பில் முதல் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு மீதியை ஒழுங்காகக் கட்டி மேலே அனுப்புவதை என் சர்வீஸில் பார்த்திருக்கிறேன். செய்கிறவர்களைத் திட்டியும் இருக்கிறேன். பள்ளியில் 'திக்தே' எழுதும்போது, வாத்தியார் சரியான பாடத்தைப் பலகையில் எழுதுவார். எங்கள் தப்பை நாங்களே எண்ணி மேலே போட வேண்டும். குறைத்து எண்ணியது தெரிந்தால் தனியாக அடி. அப்போதெல்லாம் நான் சரியாகத்தான் எண்ணினேன்.

புதுக் குழாய் நாற்பது ரூபாய். ஏற்றிவைத்த ஸ்குரூவை இறக்கி ஸ்லோவைச் சரிசெய்தார். கூலி முன்னூறு வாங்கினார். நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது ஒன்றும் சொல்லவில்லை. அது நல்லவேளை.

அந்த வாரம் முழுக்க வண்டி நின்ற இடத்தில் நின்றது, அதாவது நிற்க வேண்டியபடி நின்றது. நான்தான் அந்த ஒர்க்‌ஷாப் வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். ஐந்தாம் நாள் மனைவி, "எத்தன நாளைக்குச் சுத்திப் போவீங்க, பெட்ரோல் என்ன வெல" என்றாள். போனேன்.

பையன் ஒரு காருக்கு அடியில் கிடந்தான். காலைப் பார்த்தே யாரென்று தெரிந்திருக்கும், ஆனாலும் உடனே வெளியே வரவில்லை. வந்தான். கையைத் துடைத்தான். நான் நின்றுகொண்டே சொன்னேன். குழாயை இழுத்தது நான், கீறினது நான், உன் மேல் சொன்னது தப்பு, நாலு பேர் முன்னால் சொன்னதும் தப்பு. வீட்டில் ஒத்திகை பார்த்தது இன்னும் நீளம், வாயில் வந்தது இவ்வளவுதான். "பரவால்ல சார்" என்றான். கொஞ்சம் கழித்து, "உங்க கூட நடக்க வார சார்மாரு ரெண்டு பேரும் அதுக்குப் பொறவு வரல" என்றான். குற்றம் சொல்கிற குரல் இல்லை. கணக்கு சொல்கிற குரல்.

மறுநாள் விளையாட்டரங்கத்தில் இரண்டு பேரிடமும் முழுக்கதையும் சொன்னேன். ஒருவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அந்த வாரமே தன் வண்டியை அவனிடம் விட்டார். இன்னொருவர், "அதெல்லாம் விடும்வே, நான் இப்ப கம்பெனி சர்வீஸுக்கு மாறியாச்சு" என்றார். எனக்கு வருத்தமாக இருந்தது, அவரை இழுத்துக்கொண்டு வர முடியாது. டீக்கடையில் கேட்ட நாலு பேரில் இரண்டு பேரைத்தான் எனக்கு அடையாளம் தெரியும். அவர்களிடம் சொன்னேன். மற்ற இருவர் இன்றுவரை அந்தப் பையனை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ.

மகன் இன்னும் வண்டியை விற்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். அக்கா மட்டும், "அண்ணைக்கு நான் ஒண்ணுமில்லன்னு சொன்னேம்லா, வண்டிக்குந்தான் சொன்னேன்" என்கிறாள்.

தை மாதத்தில் அடுத்த ஆயில் மாற்ற அவனிடமே போனேன். வேலை முடிந்ததும், "சார், அந்த ஆசான் டியூப காதுல வச்சு எப்பிடிக் கேட்டாரு? காட்டுங்க" என்றான். ஒரு முழம் டியூப் வெட்டி எடுத்தான். நான் பார்த்தபடி செய்துகாட்டினேன். கார்புரேட்டரின் அடி, மேனிஃபோல்டின் ஓரம், குழாய்களின் நுனி. எனக்கு எஞ்சின் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் காதுக்கு இனி அது கேட்காது. அவன் டியூபை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு அதே வழியில் போனான். கார்புரேட்டருக்கு அடியில், பின்பக்கம், கை நின்றது.

"சார், இங்க மெல்லிசா ஒரு சத்தம் வருது."

"எனக்குக் கேக்காதுடே. நீ சொன்னா சரி."

ஸ்பேனரை எடுத்து இரண்டு நட்டைக் கால் சுற்று இறுக்கினான். மறுபடி காதில் வைத்துப் பார்த்தான். "இப்ப இல்ல" என்றான்.